எந்த ‘சக்தி’யைக் கேட்கிறீர்கள்?

“இந்த மோட்டாருக்கு எவ்வளவு சக்தி இருக்கும்?” என்று யாராவது கேட்டால் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை. எவ்வளவு பாரத்தை இழுக்கும் என்று கேட்கிறாரா, எவ்வளவு வேகமாக இழுக்கும் என்று கேட்கிறாரா, ஒரு நாள் முழுக்க ஓடினால் எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்று கேட்கிறாரா? மூன்றுக்கும் மூன்று வேறு எண்கள். நாம் மூன்றையும் ‘சக்தி’ என்று ஒரே சொல்லில் முடித்து விடுகிறோம்.

இயந்திர வடிவமைப்பில் பல வருஷமாக இருக்கிறேன், அதனால் சொந்தக்காரர்கள், நண்பர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள் எல்லோரும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். திரும்பத் திரும்ப வருவது ஏறக்குறைய அதே பத்துக் கேள்விகள்தான். அவற்றில் பாதிக்கு மேல் இயற்பியல் புரியாததால் வருவதே இல்லை என்பது என் எண்ணம். தனித்தனியான இரண்டு மூன்று சமாச்சாரங்கள் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன, அவ்வளவுதான். அதனால் நான் முதலில் திருப்பிக் கேட்பது “அதை எந்த அலகில் அளப்பீர்கள்?” என்றுதான். கேட்டவருக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், ஆனால் பாதிக் கேள்வி அங்கேயே கரைந்து போகும்.

சக்தியிலிருந்தே ஆரம்பிக்கலாம். பாடப்புத்தகத் தமிழ் இதற்கு மூன்று நல்ல சொற்களை வைத்திருக்கிறது: விசை, ஆற்றல், திறன். விசை என்றால் தள்ளுவது, இழுப்பது, அதன் அலகு நியூட்டன். அந்த விசை ஒரு பொருளைக் கொஞ்ச தூரம் நகர்த்தினால் செலவாவது ஆற்றல், அலகு ஜூல். அதே ஆற்றலை எவ்வளவு சீக்கிரம் செலவழிக்கிறோம் என்பது திறன், அலகு வாட். 10 கிலோ மூட்டையை 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற ஏறத்தாழ 980 ஜூல் வேண்டும். நிதானமாக 10 நொடியில் ஏற்றினாலும் 980 ஜூல், ஒரே நொடியில் தூக்கி எறிகிற மாதிரி ஏற்றினாலும் 980 ஜூல். ஆனால் முதலாவதுக்கு 98 வாட் திறன் போதும், இரண்டாவதுக்கு 980 வாட் வேண்டும்.

இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். “ஒரு பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நின்றால் வேலையே நடக்கவில்லை என்கிறீர்கள், அப்புறம் எனக்கு ஏன் கை வலிக்கிறது?” நியாயமான கேள்வி. பெட்டியின் மேல் எந்த வேலையும் நடக்கவில்லை என்பது சரிதான், ஒரு மேசையும் அதே பெட்டியை வருஷக்கணக்கில் களைக்காமல் தாங்கும். ஆனால் தசை மேசையைப் போல இல்லை. தசை நார்கள் இறுகிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளத் தெரியாதவை, ஒவ்வொரு கணமும் விட்டு விட்டு இறுகித்தான் தாங்குகின்றன. அந்த ஆற்றல் பெட்டிக்குப் போகாமல் உங்கள் உடம்புக்குள்ளேயே வெப்பமாகிப் போகிறது. கை வலி உண்மை, பெட்டிக்கு ஒரு ஜூல்கூடக் கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

மின்சாரக் கணக்கில் இதே குழப்பம் வேறு உருவத்தில் வருகிறது. ‘ஒரு மணிக்கு இத்தனை கிலோவாட்’ என்று படித்தவர்களே சொல்கிறார்கள். கிலோவாட் என்பதிலேயே ‘ஒரு நொடிக்கு’ ஒளிந்திருக்கிறது, அதை மறுபடி நேரத்தால் வகுத்தால் அர்த்தமே மாறிவிடும். பெருக்க வேண்டும். ஒரு கிலோவாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கிலோவாட் மணி, அதைத்தான் ஒரு யூனிட் என்கிறோம். 36 லட்சம் ஜூல். இது எவ்வளவு பெரிய அளவு என்பதை யாரும் உணர்வதில்லை என்பது என் குறை. வீணாவது எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால், ஒரு டன் எடையுள்ள காரை 367 மீட்டர் உயரத்துக்குத் தூக்க இந்த ஒரே ஒரு யூனிட் போதும்! ஒரு மணி நேரம் தண்ணீர் சுடவைக்கிற கருவியில் அது சத்தமில்லாமல் போய்விடுகிறது.

டார்க் பற்றிக் கேட்காத வண்டிப் பிரியரே கிடையாது. “குதிரைத்திறன் முக்கியமா, டார்க் முக்கியமா?” டார்க் என்பது முறுக்குவிசை, ஒரு நட்டைத் திருகும்போது ஸ்பானரில் நீங்கள் கொடுப்பது. 30 சென்டிமீட்டர் ஸ்பானரின் நுனியில் 200 நியூட்டன் அழுத்தினால் 60 நியூட்டன் மீட்டர். நட்டு அசையவில்லையா, கைப்பிடியில் குழாயைச் செருகி நீளத்தை இரட்டிப்பாக்குங்கள், அதே அழுத்தத்துக்கு 120 கிடைக்கும். (அந்தக் குழாய் வழுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொள்ளாதவர்கள் எங்கள் தொழிலில் குறைவு.) நட்டு அசையாத வரைக்கும் திறன் பூஜ்யம்தான், முறுக்குவிசை எவ்வளவு இருந்தாலும் சரி. அது சுழல ஆரம்பித்தால்தான் திறன் பிறக்கிறது. முறுக்குவிசையைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் திறன். (வேகத்தை நொடிக்கு இத்தனை ரேடியன் என்று எடுக்க வேண்டும். ரேடியன் என்பது வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்துக் கோணத்தை அளக்கும் அளவு.) நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும் ஒரு கிலோவாட் மோட்டார் தருவது சுமார் 6.4 நியூட்டன் மீட்டர் மட்டுமே. பத்துக்கு ஒன்று கியர் போட்டால் 150 சுற்று, 64 நியூட்டன் மீட்டர். கியர் திறனைக் கூட்டவில்லை, உராய்வில் கொஞ்சத்தை அதுவே சாப்பிட்டு விடுகிறது. ஆக, கியர் வைத்து டார்க்கை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம், திறனை ஏற்ற முடியாது. சரியான கியர் கையில் இருந்தால் ஒரு மேட்டை எவ்வளவு வேகமாக ஏற முடியும் என்பதைத் திறன்தான் முடிவு செய்யும். குறைந்த சுற்றிலேயே டார்க் நன்றாகக் கிடைத்தால் அடிக்கடி கியர் மாற்றாமல் ஓட்டலாம், அந்தச் சுகம் தனி.

இங்கே கவனமான வாசகர் ஒருவர் மடக்குவார்: ஜூல் என்பதும் நியூட்டன் மீட்டர்தானே, அப்படியானால் டார்க்கும் ஆற்றலும் ஒன்றா? அலகைக் கேள் என்று சொல்லிக்கொண்டு திரியும் என்னை அந்த அலகே கவிழ்க்கிற இடம் இது. ஆற்றலில் நகர்வு விசையின் திசையில் நடக்கிறது, டார்க்கில் அந்த மீட்டர் விசைக்குச் செங்குத்தாகக் கிடக்கிற கைப்பிடி நீளம். டார்க்கைத் திரும்பிய கோணத்தால், ரேடியனில், பெருக்கினால்தான் ஜூல் வரும். ரேடியனுக்கு அலகு என்று தனியாக எதுவும் இல்லாததால் இரண்டும் தாளில் ஒரே மாதிரி தெரிகின்றன. குழப்பம் வேண்டாம் என்றுதான் டார்க்கை யாரும் ஜூலில் சொல்வதில்லை.

குதிரைத்திறன் பற்றியும் ஒரு வரி. ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரம் எத்தனை குதிரைகளுக்குச் சமம் என்று வாங்குபவர்களுக்குப் புரியவைக்க உருவாக்கிய கணக்கு அது, 746 வாட். உண்மையான குதிரை சில நொடிகளுக்கு இதைப்போலப் பல மடங்கு தரும். மனிதன் நாள் முழுக்க நீடித்து உழைத்தால் 75 வாட் பக்கம்தான். ஒரு பழைய குண்டு பல்பு அளவு.

அடுத்து எடையும் நிறையும். நிறை என்பது பொருளில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது, கிலோவில். எடை என்பது பூமி அதை இழுக்கிற விசை, நியூட்டனில். பூமியில் எங்கே போனாலும் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 9.8 நியூட்டன் என்பதால் இரண்டையும் கலந்து பேசியே காலம் தள்ளி விடுகிறோம், அதில் பெரிய குற்றம் இல்லை. சிக்கல் விண்வெளிக்குப் போனதும் ஆரம்பிக்கும். “விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லை, அதனால் மிதக்கிறார்கள்” என்பதுதான் நான் மிக அதிகமாகக் கேட்ட தவறான வாக்கியம். சர்வதேச விண்வெளி நிலையம் இருப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். பூமியின் ஆரம் 6371 கிலோமீட்டர், அதோடு ஒப்பிட்டால் இது தோலுரசல். அங்கே பூமி ஒரு கிலோவை இழுக்கிற விசை சுமார் 8.7 நியூட்டன், அதாவது தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 89 சதவீதம் அப்படியே இருக்கிறது. அப்புறம் ஏன் மிதக்கிறார்கள்? விழுந்துகொண்டே இருக்கிறார்கள், அதனால். நிலையமும் விழுகிறது, உள்ளே இருப்பவரும் அதே வேகத்தில் விழுகிறார், அவர் காலடியில் தரை முட்டுக்கொடுக்க வழியில்லை. நொடிக்கு 7.7 கிலோமீட்டர் பக்கவாட்டில் ஓடுவதால், அவர்கள் விழுகிற அளவுக்குப் பூமியும் வளைந்து விலகிக்கொண்டே போகிறது. ஈர்ப்பே இல்லாமல் இருந்தால் அது நேர்கோட்டில் எங்கோ போய்விட்டிருக்கும்.

கனமான பொருள் வேகமாக விழாதா என்பதற்கு நான் நீளமாக விளக்குவதை நிறுத்தி விட்டேன். 1971இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் காற்றே இல்லாத நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் ஒரு பருந்து இறகையும் ஒன்றாகக் கைவிட்டார், இரண்டும் ஒன்றாகத் தரை தொட்டன. காட்சி பதிவாகியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி எனக்குப் பிடித்த விஷயம், ‘பலம்’. இந்தச் சொல் என்னையே ஒரு தடவை வசமாகக் கவிழ்த்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் இயந்திரத்துக்கு 20 மில்லிமீட்டர் தண்டு ஒன்றை வடிவமைத்தேன். சுமை ஏறியதும் அது கொஞ்சம் வளைந்தது, உடையவில்லை, நிரந்தரமாகக் கோணவும் இல்லை, சுமையை எடுத்தால் நேராகி விடும். ஆனால் அந்த வளைவிலேயே பல்சக்கரங்கள் சரியாகக் கடிக்காமல் கத்தின. நான் என்ன செய்தேன்? ‘பலம் போதவில்லை’ என்று முடிவு கட்டி, இரண்டு மடங்கு வலிமையுள்ள, விலையும் அதற்கேற்ப ஏறிய கலப்பு எஃகை வரவழைத்து, வெப்பப் பதம் எல்லாம் போட்டு, அதே அளவில் புதுத் தண்டு கடைந்து மாட்டினேன். அது பழையதைப் போலவே, மில்லிமீட்டர் பிசகாமல், அதே அளவு வளைந்தது. பக்கத்தில் நின்ற மூத்த மெக்கானிக் ஒருவர் “எஃகு எல்லாம் ஒரே மாதிரிதான் தம்பி வளையும்” என்றார். கல்லூரியில் நான்கு வருஷம் படித்ததை அவர் ஒரே வரியில் சொல்லி முடித்தார்.

அவர் சொன்னது இதுதான். எந்த எஃகை எடுத்தாலும் அதன் யங் குணகம், அதாவது விறைப்பின் அளவு, 200 கிகாபாஸ்கல் பக்கத்தில்தான் இருக்கும். சாதாரண எஃகு, உசத்தி எஃகு, பதம் போட்டது, போடாதது, எல்லாமே. மீள்கிற எல்லைக்குள் ஒரு பொருள் எவ்வளவு வளையும் என்பதைத் தீர்மானிப்பது இந்த விறைப்பு. வலிமை என்பது வேறு, எந்த இடத்தில் அது திரும்பி வராமல் கோணும் அல்லது முறியும் என்பது. பதம் போட்டால் வலிமை ஏறும், விறைப்பு அசையாது. எனக்குத் தேவைப்பட்டது விறைப்பு, நான் காசு கொடுத்து வாங்கியது வலிமை. தீர்வு உலோகத்தில் இல்லை, உருவத்தில் இருந்தது. உருண்டைத் தண்டின் வளைவு எதிர்ப்பு விட்டத்தின் நான்காம் அடுக்காகக் கூடும். 20 மில்லிமீட்டரை 24 ஆக்கினேன், 1.2இன் நான்காம் அடுக்கு 2.07, வளைவு பாதிக்கும் கீழே வந்தது. அதுவும் பழைய சாதாரண எஃகிலேயே.

இதே காரணத்தால்தான் ஒரு பலகையைப் படுக்கவைத்தால் வளைகிறது, செங்குத்தாக நிறுத்தினால் அசைய மாட்டேன் என்கிறது. செவ்வக வெட்டுமுகத்தில் உயரம் மூன்றாம் அடுக்காக வேலை செய்கிறது, அகலம் வெறும் ஒரு மடங்காக. பாலங்களிலும் கூரைகளிலும் ‘ஐ’ வடிவ இரும்பைப் பார்க்கிறோமே, அது சரக்கை எல்லாம் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் மேலும் கீழும் தள்ளி வைத்த ஏற்பாடு. நடுவில் இருப்பது வளைவை எதிர்க்க அதிகம் உதவாது, மேலும் கீழும் உள்ள பட்டைகளைப் பிரித்துப் பிடிக்கவும் வெட்டுவிசையைத் தாங்கவும் மட்டும் இருந்தால் போதும்.

பலத்துக்குள் இன்னும் இரண்டு பேர் ஒளிந்திருக்கிறார்கள். கடினத்தன்மை, அதாவது கீறினால் தடம் விழுமா விழாதா என்பது. அப்புறம் உடைவதற்கு முன் எவ்வளவு அடியை விழுங்கும் என்பது, இதற்குக் கலைச்சொல்லைவிட ‘முரடு’ என்ற நம் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. வைரத்தைக் கீற முடியாது, ஆனால் சரியான வாக்கில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் பிளந்துவிடும். கண்ணாடியின் விறைப்பு அலுமினியத்தோடு கிட்டத்தட்டச் சமம், இரண்டும் 70 கிகாபாஸ்கல் சுற்றுவட்டாரம். யாராவது கண்ணாடியில் ஏணி செய்வார்களா? ‘எது பலம்?’ என்று ஒற்றை வரியில் கேட்டால் பதில் கிடையாது என்பது இதனால்தான்.

சூடு, குளிர் பற்றி ஒன்றே ஒன்று. ஒரே அறையில் ராத்திரி முழுக்கக் கிடந்த இரும்புக் கம்பியும் மரக்கட்டையும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன, தொட்டால் மட்டும் கம்பி சில்லென்று இருக்கிறது. உங்கள் விரல் ஒரு தெர்மாமீட்டர் இல்லை. விரலிலிருந்து வெப்பம் எவ்வளவு வேகமாக வெளியே ஓடுகிறது என்பதைத்தான் அது உணர்கிறது, உலோகம் அதை உறிஞ்சிக் கடத்துகிறது, மரம் அப்படியே விட்டு வைக்கிறது. கம்பளியும் சூடு தருவதில்லை, வெப்பத்தின் வழியை மறிக்கிறது, அவ்வளவே. நம்பாவிட்டால் ஒரு பனிக்கட்டியைக் கம்பளியில் சுற்றி வையுங்கள், வெளியே கிடக்கிற கட்டியைவிட அது வெகுநேரம் உருகாமல் இருக்கும்.

மின்சாரத்தில் எல்லோரும் கேட்பது “ஆளைக் கொல்வது வோல்ட்டா ஆம்பியரா?” உடம்புக்குள் ஓடுகிற மின்னோட்டம்தான் கேடு செய்கிறது, அந்த வகையில் ஆம்பியர். ஆனால் இதைக் கேட்டுவிட்டு ‘அப்படியானால் வோல்ட் எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை’ என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த ஆம்பியரை உடம்புக்குள் தள்ளுவதே வோல்ட்தான். வறண்ட நாளில் கதவுப் பிடியைத் தொட்டால் சுள்ளென்று ஒரு பொறி பாய்கிறதே, அது ஆயிரக்கணக்கான வோல்ட். அதில் ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அங்கே சேர்ந்திருக்கும் மின்னூட்டம் மிகச் சொற்பம், கண நேரத்தில் தீர்ந்து போகிறது. வீட்டு மின்கம்பி அப்படித் தீராது. ஆட்களைக் காப்பாற்ற வைக்கும் கசிவுப் பாதுகாப்பு சுவிட்சுகள் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்து விடும்படி செய்யப்பட்டிருக்கின்றன, ஒரு ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு. கம்பியில் உட்காரும் காக்கைக்கு ஒன்றும் ஆகாததும் இதே கணக்குதான், அதன் இரண்டு காலும் ஒரே கம்பியில், கால்களுக்கு இடையே வோல்ட் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம்.

கூடவே ஒரு வேடிக்கை. கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகரும் சராசரி வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிகிறதே என்றால், சுவிட்சிலிருந்து எலக்ட்ரான் ஓடிவந்து விளக்கை எரிப்பதில்லை. தண்ணீர் நிரம்பிய குழாயைத் திறந்ததும் மறுமுனையில் ஏற்கெனவே இருந்த தண்ணீர் கொட்டுவது மாதிரி, தள்ளுதல்தான் வேகமாகப் போய்ச் சேர்கிறது.

விமானத்தை இறக்கை எப்படித் தூக்குகிறது என்பது பற்றி: மேல் பக்கக் காற்று நீண்ட வழியில் போய், கீழ்ப் பக்கக் காற்றோடு ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்பதால் வேகமாகப் போகிறது என்ற விளக்கம் தவறு. ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று காற்றுக்கு யாரும் கட்டளை போடவில்லை, உண்மையில் மேல் காற்று முன்னாலேயே போய்விடுகிறது. இறக்கை காற்றைக் கீழே திருப்பி விடுகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. அதனால்தான் தலைகீழாகவும் விமானம் ஓட்ட முடிகிறது.

உறிஞ்சுவது என்ற சொல்லும் கொஞ்சம் ஏமாற்றுப் பேர்வழி. உறிஞ்சுகுழலில் நீங்கள் தண்ணீரை இழுப்பதே இல்லை. வாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறீர்கள், வெளியே இருக்கிற காற்று தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றால் தள்ள முடிவதற்கு ஓர் எல்லை உண்டு, கடல் மட்டத்தில் ஏறத்தாழ 10.3 மீட்டர். தரையில் வைத்த பம்பு எவ்வளவு பெரிய மோட்டாரோடு இருந்தாலும் அதற்குக் கீழே இருக்கிற தண்ணீரை உறிஞ்சி எடுக்கவே முடியாது, நடைமுறையில் ஏழெட்டு மீட்டரிலேயே திணற ஆரம்பித்து விடும். ஆழமான கிணறுகளில் பம்பைத் தண்ணீருக்குள்ளேயே இறக்கி வைப்பது இதனால்தான். அங்கிருந்து அது தள்ளுகிறது, தள்ளுவதற்கு அந்த எல்லை கிடையாது. 1640களில் டாரிசெல்லி பாதரசத்தை வைத்து இதைத் தெளிவாக்கினார். பாதரசம் தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனம், அதனால் 76 சென்டிமீட்டரிலேயே நின்றுவிட்டது. இன்னும் பெரிய மோட்டார் போட்டால் ஏறாதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அலகு அலகு என்று ஏன் உயிரை எடுக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு விண்கலம் இருக்கிறது. செவ்வாய்க்குப் போன மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர், 1999 செப்டம்பரில் தொலைந்தது. தரையில் ஒரு மென்பொருள் உந்துதலைப் பவுண்டு நொடியில் கொடுத்தது, அதை வாங்கிய மென்பொருள் நியூட்டன் நொடி என்று எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ நாலரை மடங்கு வித்தியாசம். கலம் திட்டமிட்டதைவிட மிகவும் தாழ்வாகச் செவ்வாயை நெருங்கி அழிந்தது. எண்களில் தப்பில்லை.

போன வாரம் அக்கா மகள் வந்திருந்தாள், ஆறாவது படிக்கிறாள். “மாமா, ஒரு கிலோ பஞ்சு கனமா, ஒரு கிலோ இரும்பு கனமா, சொல்லுங்க பார்ப்போம்” என்றாள், நான் மாட்டுவேன் என்ற சிரிப்போடு. இரண்டும் சமம் என்று நான் சொல்ல வேண்டும், எதிர்பார்ப்பு அதுதான். காற்று இல்லாத இடத்தில் அது சரி என்றேன். காற்றுக்குள் வைத்தால் தண்ணீர் கட்டையை மிதக்கவைக்கிற மாதிரி காற்றும் எல்லாவற்றையும் கொஞ்சம் தூக்குகிறது, ஒரு லிட்டர் இடத்துக்கு 1.2 கிராம் வீதம். பஞ்சு 10 லிட்டர் இடத்தை அடைத்துக்கொண்டால் 12 கிராம் போய்விடும், இரும்போ ஒரு லிட்டரில் எட்டில் ஒரு பங்குதான் பிடிக்கும், அதற்குப் போவது 0.15 கிராம். தராசில் பஞ்சுத் தட்டு மேலே போகும். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்போ பஞ்சை நல்லா அமுக்கிக் கட்டினா?” என்றாள். கணக்குப் போட ஒரு தாள் எடுத்து வரச் சொன்னேன்.